இரண்டு ஏர்லைன்ஸ் ஒன்றாகும்போது பயிற்சி நாட்கள் பணிமூப்பில் சேருமா, சேராதா?

கயல் | செவ்வாய், இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்தில் பதினொரு வருடமாகக் கேபின் க்ரூவாக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்களையும் இன்னொரு நிறுவனத்தையும் இணைக்கிறார்கள். போன வாரம் இரண்டு பக்கத்து ஆட்களையும் சேர்த்த பணிமூப்புப் பட்டியலின் வரைவு வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை.

என் பெயருக்கு நேரே போட்டிருக்கும் தேதி, நான் பயிற்சி முடித்து விங்ஸ் (இறக்கைச் சின்னம்) வாங்கிய நாள். வகுப்பில் முதன்முதலில் போய் உட்கார்ந்தது அதற்கு ஐந்தரை வாரம் முன்னால். எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் இதே கணக்குதான் என்பதால் இத்தனை வருடம் யாருக்கும் இது உறுத்தவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வகுப்பின் முதல் நாளையே தேதியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த ஐந்தரை வார இடைவெளியில் அங்கே வரிசையாக வகுப்பு எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். என் பேஸில் (நான் பணி தொடங்கும் விமான நிலையத்தில்) மட்டும் ஒவ்வொரு பெயராக எண்ணினேன். எனக்குப் பிறகு பயிற்சிக்கு வந்தும் பட்டியலில் எனக்கு மேலே நிற்பவர்கள் 143 பேர்.

இன்னும் இரண்டு கேள்விகள். கேபினுக்கு வருமுன் இதே நிறுவனத்தில் ஐந்து வருடம் செக்-இன் கவுன்டரில் இருந்தேன். அந்த வருடங்கள் எங்கேயும் காணோம். அப்புறம், அவர்களுடைய விமானங்களில் வேலை செய்ய என்னை ஒன்பது நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அந்த வகுப்பில் கையெழுத்துப் போட்டால் நீ புது ஆள் கணக்கு, தேதி மாறிவிடும்" என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னார். அது உண்மையா? போகலாமா, வேண்டாமா?

என் பையனுக்கு ஏழு வயது. சனி, ஞாயிறு வீட்டில் இருக்கும்படி லைன் (மாதப் பணி அட்டவணை) கிடைக்க ஆரம்பித்தே இரண்டு வருடம்தான் ஆகிறது.


வசந்தி_டாலஸ் | செவ்வாய், இரவு 11:05

கயல், முதலில் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். பயிற்சிக்குப் போ. கட்டாயம் போ. கூப்பிட்ட பயிற்சிக்குப் போகாமல் இருந்தால்தான் வேலைக்கு ஆபத்து. நான் 31 வருடம் கேபினில் இருந்து ஓய்வு பெற்றவள், அதில் பல வருடம் யூனியன் கமிட்டியில் இருந்தேன். இணைப்பு சமயத்தில் இந்த வதந்தி ஒவ்வொரு முறையும் கிளம்பும்.

நீ போவது புது ஆள் பயிற்சி அல்ல. அவர்களுடைய விமானம், கதவு, கருவி, கையேடு ஆகியவற்றில் உள்ள வித்தியாசங்களைக் கற்றுக்கொள்ளப் போகிறாய். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ உனக்குக் கொடுத்த சான்றிதழ் உன் பெயரில் இருக்கிறது, அது நிறுவனத்தின் சொத்து இல்லை. புதிதாக வருபவர் இன்னொருவர் மேற்பார்வையில் குறைந்தது ஐந்து மணி நேரம் பறந்து காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறதே, அதுகூட அதே வகுப்பைச் சேர்ந்த பெரிய விமானத்தில் ஏற்கெனவே அந்த அனுபவம் பெற்றவருக்குத் தேவையில்லை. உன் பழைய அனுபவத்தை விதியே ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போடும் தாளை முழுக்கப் படி. "புதிய நியமனம்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தாலும் கையெழுத்துக்கு முன் யூனியனுக்கு எழுதிக் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு.

இனி தேதி. நம் வேலையில் ஒருவருக்கு ஒரு தேதி இல்லை, மூன்று தேதி. நிறுவனத்தில் கால் வைத்த தேதி, அது இலவசப் பயணச்சீட்டுக்கும் ஓய்வூதிய விஷயங்களுக்கும். சம்பளப் படிக்கட்டில் எத்தனையாவது படி என்பதற்கு ஒரு தேதி. மூன்றாவதுதான் பிட் போடும் (வேண்டிய பயணத்துக்கும் லீவுக்கும் விருப்பம் பதியும்) தேதி, கேபினில் நீ யாருக்கு முன், யாருக்குப் பின் என்பது. கவுன்டரில் இருந்த ஐந்து வருடம் முதல் தேதியில் இருக்க வேண்டும், அங்கே இல்லையென்றால் சண்டை போடு. பிட் தேதியில் அது சேராது. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சேர்க்கக் கூடாது என்பதுதான் என் கருத்தும். கவுன்டரிலிருந்து வந்தவருக்குச் சேர்த்தால் கேட்டரிங்கிலிருந்து வந்தவருக்கும் சேர்க்க வேண்டும், பிறகு கேபினிலேயே இருபது வருடம் கழித்தவர் கீழே போவார்.

ஐந்தரை வாரம் வேறு விஷயம். அதில் உனக்கு நியாயம் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.


பொன்னி_சென்னை | புதன், காலை 8:15

நான் இங்கே உள்நாட்டு விமானங்களில் க்ரூ. தெரியாமல்தான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குப் பணி அட்டவணையை நிறுவனமே போட்டு ஆப்பில் வந்துவிடும், அதற்கு மேல் கேள்வி கிடையாது. மூப்பு என்றால் சீனியர் க்ரூ ஆவதும் சம்பளமும்தான். 143 பேர் முன்னால் போனால் அக்காவுக்கு நாளைக்கே என்ன மாறும்?


கயல் | புதன், காலை 10:30

எல்லாமே மாறும் பொன்னி. இங்கே ஒவ்வொரு மாதமும் எந்தப் பயணம் வேண்டும், எந்த நாள் லீவு வேண்டும் என்று பிட் போடுவோம். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பட்டியலைப் படித்துக்கொண்டு வரும். மேலே இருப்பவர் எடுத்ததுபோக மிச்சம்தான் எனக்கு. என் பேஸில் நான் இப்போது நடுவுக்குச் சற்றுக் கீழே. 143 இடம் இறங்கினால் ரிசர்வ் கோட்டுக்கு அருகில் போய்விடுவேன். ரிசர்வ் என்றால் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது. கூப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும், எந்த ஊர், எத்தனை நாள் என்று அப்போதுதான் தெரியும். பையனை யாரிடம் விடுவது? வருட விடுமுறை, பேஸ் மாற்றம் எல்லாவற்றுக்கும் இதே எண்தான். ஆட்குறைப்பு வந்தால் கீழிருந்துதான் அனுப்புவார்கள்.


இளங்கோ_சட்டம் | புதன், மதியம் 1:20

கயல், ஒரே ஒரு தகவல் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே யூனியனா, வேறு வேறா? உங்கள் வழக்கின் பாதை அதில்தான் பிரிகிறது.

பின்னணி தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். 1972ல் அலெகேனி, மோஹாக் என்ற இரண்டு விமான நிறுவனங்கள் இணைந்தபோது, பணிமூப்புப் பட்டியல்களை நியாயமாகவும் சமமாகவும் இணைக்க வேண்டும், பேசி முடிவு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்று அப்போது விமானத் துறையைக் கட்டுப்படுத்திய அரசு அமைப்பான சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு நிபந்தனை போட்டது. அதற்குப் பிந்தைய இணைப்புகளுக்கு அதுவே அளவுகோலாக இருந்தது. விமானத் துறையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்த கையோடு 1984 முடிவில் அந்த போர்டையே மூடினார்கள். நிபந்தனை போட ஆள் இல்லாமல் போயிற்று. அந்த ஓட்டையின் விலையை 2001ல் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தின் ஊழியர்கள் கொடுத்தார்கள். அந்தக் கதையை வசந்தி அம்மா எழுதினால்தான் சரியாக இருக்கும்.

டிடபிள்யூஏவின் தலைமை மையம் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ். அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில், குடியரசுக் கட்சியின் கிட் பாண்ட், சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் 2007 டிசம்பரில் சட்டமானது. அலெகேனி-மோஹாக் நிபந்தனைகளில் மூப்பு இணைப்பு பற்றியதும் நடுவர் பற்றியதும் அப்படியே சட்டத்துக்குள் வந்தன. ஒரு விலக்கு உண்டு: இரு பக்கத்துக்கும் ஒரே யூனியன் இருந்தால் அந்த யூனியனின் உள்விதிதான் செல்லும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேர்ந்த தேதிப்படிதான் இணைக்க வேண்டும் என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. நியாயமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. எது நியாயம் என்பதைத்தான் இந்த இழையில் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.


வசந்தி_டாலஸ் | புதன், இரவு 8:50

இளங்கோ தம்பி சொன்னதால் எழுதுகிறேன். இன்றைக்கும் இதை எழுதும்போது கை கனக்கிறது.

2001 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டிடபிள்யூஏவை வாங்கி முடித்தது. அந்தப் பக்கம் சுமார் 4,000 கேபின் ஆட்கள். அவர்களை அமெரிக்கன் பட்டியலின் கடைசியில் ஒட்டவைத்தார்கள். எங்கள் பேச்சில் இதற்கு ஸ்டேபிள் என்று பெயர், ஒரு தாளின் அடியில் இன்னொரு தாளை வைத்துப் பின் அடிப்பதுபோல. முப்பது வருடம் பறந்தவர், அமெரிக்கனில் முந்தைய மாதம் சேர்ந்த பெண்ணுக்கும் கீழே. ஐந்து மாதத்தில் செப்டம்பர் 11 வந்தது. ஆட்குறைப்பு கீழிருந்து தொடங்கியது, கீழே இருந்தது முழுக்க அவர்கள்தான். 2003 ஜூலைக்குள் டிடபிள்யூஏவிலிருந்து வந்த கடைசி ஆள் வரை வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிடும் உரிமைக்கும் ஐந்து வருடக் கெடு. சட்டம் வந்தபோது அது முன்தேதியிட்டு வரவில்லை, அதனால் யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்களுக்கே அது உதவவில்லை.

முடிவெடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கள் ஆட்களைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அது எதைச் செய்தது என்பதை நேரில் பார்த்தவள் நான். அதனால்தான் மூப்பு விஷயத்தில் "சின்னத் தவறு, விட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

கயல், உன் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி நாட்கள் வேலை நாட்களா என்று கேட்டால், வேலைதான். காலை ஆறு மணிக்கு வகுப்பு, புகை அறைக்குள் போகிறோம், தண்ணீரில் குதிக்கிறோம், தேர்வில் தோற்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்டு. நிறுவனம் சொன்ன ஊரில் சொன்ன நேரத்தில் இருந்தாய் அல்லவா, அது வேலை இல்லையென்றால் வேறென்ன?


ரஞ்சனி | புதன், இரவு 11:30

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு இளைய நிறுவனத்திலிருந்து இணைப்பில் வந்தவள் நான். எங்கள் நிறுவனத்தில் பயிற்சி முடியும்வரை நாங்கள் ஊழியர்களே இல்லை, பயிற்சியாளர்கள். கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். வகுப்பில் பாதியில் போனவர்கள் நிறையப் பேர். அதனால் விங்ஸ் வாங்கிய நாள்தான் எங்கள் நாள் என்று வளர்ந்தோம். அந்தக் கணக்கையும் முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது.

அப்புறம், சேர்ந்த தேதி என்று சொன்னதும் எல்லோரும் நியாயம் கிடைத்துவிட்டதாகத் தலையாட்டுகிறீர்கள். வர்ஜின் அமெரிக்கா என்ற விமான நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பறக்கத் தொடங்கியதே 2007 ஆகஸ்டில். 2016 டிசம்பரில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் அதை வாங்கியது. அங்கே முதல் வகுப்பில் வந்து பட்டியலின் உச்சியில் இருந்தவருக்குக்கூடச் சுமார் ஒன்பது வருடம்தான். அலாஸ்காவிலோ இருபது முப்பது வருடக்காரர்கள். தேதிப்படி அடுக்கினால் உச்சியில் இருந்தவர் எங்கே போய் நிற்பார் என்று யோசியுங்கள். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் வாழ்க்கை இடம் மாறிவிட்டது. எனக்கும் இதே மாதிரிதான் ஆனது. முதல் இருபது பேரில் ஒருத்தியாக இருந்தேன், ஒரே இரவில் மறுபடி ரிசர்வ். கயலின் 143 பேருக்குக் கண்கலங்கியவர்கள் எங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.


வசந்தி_டாலஸ் | வியாழன், காலை 7:10

ரஞ்சனி, நீ சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கவில்லை. கமிட்டியில் இருந்தபோது உன்னைப் போன்றவர்களின் கடிதங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

ஆனால் தேதியை விட்டால் வேறு எதை எடுப்பது? பைலட்டுகள் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் கேப்டன், முதல் அதிகாரி, பெரிய விமானம், சின்ன விமானம் என்று சம்பளமே பல மடங்கு வித்தியாசம். அதனால் தேதி மட்டும் போதாது, இணைப்பு இல்லாமல் இருந்தால் அவர் எந்த இடத்துக்கு வந்திருப்பார் என்றும் பார்ப்பார்கள். 2005ல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. 2007ல் நடுவர் தீர்ப்பு வந்தது. ஒரு பக்கத்துப் பைலட்டுகள் அதை ஏற்காமல் 2008ல் பழைய யூனியனையே மாற்றிவிட்டார்கள். சண்டை வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் ஓடியது. கேபினில் நாம் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வேலை, அதனால் தேதி என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு குடும்பம் உடையாமல் வந்திருக்கிறோம். அப்படியும் அதே இணைப்பில் கேபின் ஆட்களுக்குப் பொதுவான ஒப்பந்தம் வர 2013 ஆயிற்று.


கயல் | வியாழன், காலை 11:45

இளங்கோ சார், இரண்டு பக்கமும் ஒரே யூனியன்தான்.

ரஞ்சனி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் கூடுதலாக எதையும் கேட்கவில்லை. விங்ஸ் வாங்கிய நாள்தான் நாள் என்றால் அவர்களுக்கும் அதையே போடட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். வகுப்பின் முதல் நாள் என்றால் எனக்கும் அதைப் போடட்டும். இந்தப் பக்கத்துக்கு ஒரு படி, அந்தப் பக்கத்துக்கு ஒரு படி வைத்து அளந்து ஒரே குவியலில் கொட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.


இளங்கோ_சட்டம் | வியாழன், மதியம் 2:00

இதே வாக்கியத்தை ஆட்சேபக் கடிதத்தில் எழுதுங்கள் கயல், இதைவிடத் தெளிவாக ஒரு வழக்கறிஞரும் எழுத மாட்டார். ஒரே யூனியன் என்பதால் நடுவரிடம் போகும் பேச்சு முதலில் வராது, யூனியனின் உள்விதிதான். அந்த விதியில் "சேர்ந்த தேதி" என்பதற்கு என்ன வரையறை கொடுத்திருக்கிறார்கள் என்று வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள். வகுப்புக்கு வரச்சொன்ன கடிதம், முதல் வார ஊதியச் சீட்டு, அன்றைய வருகைப் பதிவு, எது இருந்தாலும் இணையுங்கள். உங்கள் வகுப்புத் தோழர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது. ஆட்சேபத்துக்கான கெடுவை ஒரு நாள்கூடத் தாண்டாதீர்கள், தாண்டினால் நியாயம் இருந்தும் பயனில்லை.


பொன்னி_சென்னை | வியாழன், இரவு 9:20

இதையெல்லாம் படிக்கும்போது இங்கே நடந்ததுதான் நினைவுக்கு வருகிறது. 2007ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒரே நிறுவனமாக்கினார்கள். பெயர் ஒன்றானது, ஆட்கள் ஒன்றாகவில்லை. சம்பளம், பதவி உயர்வு, மூப்பு எல்லாம் இரண்டு தண்டவாளமாகவே ஓடின. நான்கு வருடம் கழித்துத்தான் நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழுவை அமைத்து இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். 2012ல் அறிக்கை வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் க்ரூ கூட்டமாக உடம்பு சரியில்லை என்று விடுப்பு போட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஏஐஎக்ஸ் கனெக்டுடன் (முன்பு ஏர்ஏசியா இந்தியா) இணைக்கும்போது எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை என்பதும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. 25 பேரை வேலையிலிருந்து எடுத்தார்கள். தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னால் பேச்சுவார்த்தை நடந்து திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருடம் அக்டோபரில் அந்த இணைப்பு முடிந்தது, நவம்பரில் விஸ்தாராவும் ஏர் இந்தியாவுக்குள் போனது. பயணிகள் பலர் கோபப்பட்டார்கள், அவர்களுடைய கஷ்டம் உண்மைதான். ஆனால் வரைவுப் பட்டியல், ஆட்சேபக் கெடு, நடுவர் என்று ஒரு வாசல் திறந்திருந்தால் யாரும் அந்த அளவுக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரிலும் அந்த மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம் போல ஒன்று வேண்டும்.


ரஞ்சனி | வெள்ளி, காலை 6:50

கயல், ஒரே படி என்பதை நானும் ஏற்கிறேன். அதில் நமக்குள் சண்டை இல்லை.

எங்கள் இணைப்பில் வேதனையை நீட்டியது இன்னொன்று, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் இணைந்துவிடும், வேலை இணையாது. யுனைடெட், கான்டினென்டல் 2010ல் ஒன்றாயின, 2011 நவம்பரில் எஃப்ஏஏ ஒரே இயக்கச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. ஆனால் கேபின் ஆட்களுக்குப் பொது ஒப்பந்தம் 2016ல்தான், இரண்டு பக்கத்தவரும் கலந்து பறந்தது 2018 அக்டோபரில். அதுவரை ஒரே சீருடை போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்து விமானத்தில் கால் வைக்க முடியாமல் இருந்தார்கள். அமெரிக்கன், யுஎஸ் ஏர்வேஸ் ஆட்களும் அதே 2018 அக்டோபரில்தான் கலந்தார்கள், இணைப்பு நடந்ததோ 2013ல். உங்களை இப்போதே பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அது நல்ல சேதி. நீங்கள் எந்த விமானத்திலிருந்து எதற்குப் போகிறீர்கள்?


கயல் | வெள்ளி, காலை 9:30

பதினொரு வருடமும் போயிங் 737. இப்போது ஏர்பஸ் ஏ320, ஏ321. உண்மையைச் சொன்னால் பட்டியலுக்கு அடுத்தபடி இந்தக் கதவுதான் என்னைப் பயமுறுத்துகிறது.


வசந்தி_டாலஸ் | வெள்ளி, மதியம் 12:15

பயம் நல்லதுதான், அதை வகுப்புக்குக் கொண்டுபோ. 737ல் நீ குனிந்து, சறுக்குப் பையின் (அவசரத்தில் காற்று நிரம்பி விரிந்து, சறுக்கி இறங்க உதவும் பை) இரும்புத் தண்டைத் தரையிலுள்ள கொக்கிகளில் கையால் மாட்டுகிறாய், கண்ணாடிக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையைப் போடுகிறாய். உன் உடம்புக்கு அந்தக் குனிதல்தான் "ஆர்ம்", அதாவது கதவைத் திறந்ததும் பை தானாக விரியும் நிலையில் வைப்பது. ஏர்பஸ்ஸில் அது இல்லை, கதவில் ஒரு நெம்புகோல், அதை நகர்த்தினால் முடிந்தது. வெளியிலிருந்து திறந்தால் தானாகவே டிஸ்ஆர்ம் ஆகும், உள்ளிருந்து திறந்தால் ஆகாது. பல வருடம் 737ல் இருந்தவர் அசதியில் தரையில் தண்டு இல்லையே என்று பார்த்துவிட்டு ஏர்பஸ் கதவைத் திறந்தால், சறுக்குப் பை வெளியே பாயும். கீழே ஏணி வண்டிக்காரர் நின்றால் உயிருக்கே ஆபத்து. கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கும்போது வெள்ளை விளக்கு எரிந்தால் அங்கேயே நிறுத்து, இன்னும் ஆர்மில் இருக்கிறது என்று பொருள்.

இறக்கைக்கு மேலுள்ள அவசர வழியும் வேறு. 737ல் அங்கே சறுக்குப் பை கிடையாது, இறக்கை வழியாக இறங்க வேண்டும். ஏ320ல் அங்கேயும் பை உண்டு. அப்புறம் நாம் கத்தும் கட்டளைகள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வார்த்தை வேறு. ஒரே விமானத்தில் முன்கதவில் ஒருவர் ஒன்றைக் கத்த, பின்கதவில் இன்னொருவர் வேறொன்றைக் கத்தினால் பயணிகள் யாரைக் கேட்பார்கள்? கலந்து பறக்கவிட இத்தனை வருடம் இழுப்பதற்கு ஒப்பந்தம் மட்டுமல்ல, இதுவும் ஒரு காரணம். குளிக்கும்போது, சமைக்கும்போது, புதுக் கட்டளைகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மனதுக்குள் சொன்னால் போதாது.


கயல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை

எல்லோருக்கும் நன்றி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பில் இன்னும் வேலையில் இருப்பவர்கள் 22 பேர், எல்லோரும் சேர்ந்து கடிதம் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் வகுப்பின் முதல் நாள்தான் தேதி என்று வைத்துவிட்டார்கள். எங்களுக்கு மட்டுமல்ல, எங்கள் பக்கத்து மொத்தப் பட்டியலுக்கும். எனக்கு மேலே போன அந்த 143 பேரும் மறுபடி எனக்குக் கீழே. ஆனால் எங்கள் பக்கத்திலேயே சிலர் இறங்கியிருக்கிறார்கள். இங்கே ஒரு வகுப்பு ஆறு வாரத்துக்கு மேல் இழுத்தது, இன்னொன்று நான்கே வாரத்தில் முடிந்தது, அதனால் முன்னே பின்னே மாறியிருக்கிறது. அதில் ஒருத்தி என் நெருங்கிய தோழி, பதினாறு இடம் கீழே. நேற்று போனில் பேசினோம், இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. கவுன்டர் வருடங்கள் நிறுவனத் தேதியில் மட்டும் சேர்ந்தன, வசந்தி அக்கா சொன்னபடியே.

ஒரே நாளில் வகுப்புக்கு வந்த இரண்டு பக்கத்து ஆட்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று இன்னும் சொல்லவில்லை. வயதுப்படியா, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி இலக்கமா என்று பேசிக்கொள்கிறார்கள்.

பயிற்சி நாளைக்குக் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. பையனை இங்கேயே உட்காரவைத்துப் பயணியாக்கி ஒரு வாரமாகக் கட்டளை பழகுகிறேன். இன்றைக்கு நான் பழைய வார்த்தையைக் கத்தியபோது அவன்தான் திருத்தினான்.


வசந்தி_டாலஸ் | ஞாயிறு, இரவு 10:00

தோழியை இன்னொரு முறை நீயே கூப்பிட்டுப் பேசு. வகுப்பு முடிந்ததும் கதவைப் பற்றி எழுது, ஒன்பது நாளில் எத்தனை முறை உண்மையிலேயே கையால் திறக்கவிட்டார்கள் என்று தெரிய வேண்டும்.